கண்ணாடியில் பார்த்த மகள்

எங்கள் வீட்டில் கம்பெனி பஸ் ஏறுவது என் மனைவி, தூளி ஆட்டுவது நான். ஊரில் இதைச் சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று வாயால் சொல்லுவேன். ஆனால் அந்தச் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு யார் எதற்குச் சிரித்தார்கள் என்று நாள் கணக்காக யோசிப்பேன். என் சுபாவம் அப்படி. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவன் நான். வந்து பார்த்தால் அணைத்துத்தான் இருக்கும். அப்புறம் கதவைப் பூட்டினோமா என்று கவலை வரும்.

எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு வாலாஜாபாத்தில் ஒரு டயர் கடையில் சேர்ந்தேன். தொழில் கைக்கு வந்ததும் உத்திரமேரூர் ரோட்டில், திருப்புலிவனத்துக்குச் சற்று முன்னால் ஒரு வளைவில், சொந்தமாகப் பஞ்சர் கடை போட்டேன். நான்கு கம்பம், மேலே தகரம், ஒரு கம்ப்ரசர், ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். கல் லாரி ஓடுகிற ரோடு. அதனால் வேலைக்குப் பஞ்சமில்லை.

மகள், எங்களுக்குக் கல்யாணமாகி வெகு காலம் கழித்துப் பிறந்தவள். மனைவி ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. பிரசவ லீவு முடிந்ததும் திரும்பிப் போயாக வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எங்கள் இரண்டு பேர் பக்கமும் ஆள் இல்லை.

"கடையிலியே தூளி கட்டிடுயா. நாள் பூரா அங்கதானே கீற" என்றாள்.

"கம்ப்ரசர் சத்தம் போடுமே."

"பழகிக்கும்."

"டயர் நாத்தம்?"

"உன்னக் கட்டிக்கினு நான் பழகல?"

கடையின் பின்பக்கம், வெயில் படாத மூலையில், அவளுடைய பழைய பருத்திப் புடவையில் தூளி கட்டினோம். விடியலில் பால் எடுத்து வைத்துவிட்டு அவள் பஸ் ஏறுவாள். நான் பாலாடையில் கொடுப்பேன்.

முதல் வாரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. மகள் அப்போது நன்றாகச் சிரிப்பாள். பல் இல்லாத வாயை முழுசாகத் திறந்து, கால் இரண்டையும் உதைத்துச் சிரிப்பாள். அந்த வாரம் ஒரு நாள் அங்கன்வாடியில் தடுப்பூசி போட்டுக் கூட்டிவந்தேன். ஊசி வலி மறந்து தூளியில் கிடந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளும் விடவில்லை, நானும் விடவில்லை. ஒரு டிராக்டர் டியூபை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த அழகு எனக்கா என்று நினைத்தேன். அதை நினைத்ததுதான் தப்பு என்று சாயங்காலம் தோன்றியது. பிள்ளைக்கு உடம்பு அனலாகக் காய்ந்தது.

ஊரார் கண்ணைவிடப் பெற்றவர்கள் கண் சீக்கிரம் ஒட்டும் என்று எங்கள் பக்கம் சொல்லுவார்கள். தூங்குகிற பிள்ளையை அம்மாவே உற்றுப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் உற்றுப் பார்த்ததும் இல்லாமல், மனதுக்குள் பாராட்டி வேறு வைத்திருந்தேன். என் கண்தான் பட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

காய்ச்சல் மறுநாளே விட்டுவிட்டது. ஆனால் நான் விடவில்லை. தூளி மேல் துண்டைப் போட்டு மூடினேன். மகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வேலை செய்தேன். பால் கொடுக்கும்போது அவள் காதைப் பார்ப்பேன். அவள் காதில் இருக்கிற மடிப்பெல்லாம் எனக்கு மனப்பாடம். பேச்சும் கொடுக்கவில்லை. குரல் கேட்டு யாராவது எட்டிப் பார்த்தால்? வருகிறவர்கள் "கொழந்த எங்கப்பா" என்றால் "தூங்குது" என்றேன். கன்னத்தில் வைக்கிற மைப்பொட்டு வாராவாரம் பெரிதாகிக்கொண்டே போனது.

பிள்ளை மெல்ல அடங்கிப்போனாள். பசித்தால்கூடச் சிணுங்கல்தான். அழுகை இல்லை. பஞ்சர் போட வந்த ஒருவர், "கடையில கொழந்த கீதுன்னே தெரியல, இன்னா சமத்து" என்றார். எனக்கு உள்ளுக்குள் பெருமை. அவர் போனதும் உப்பு மிளகாய் எடுத்துச் சுற்றிப் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவிதான் முதலில் சொன்னாள். மடியில் போட்டுக்கொண்டு என்னென்னவோ செய்து பார்த்தாள். நாக்கை நீட்டினாள், சொடக்குப் போட்டாள்.

"லீவுல இருந்தப்போ நான் தும்மினாகூடச் சிரிப்பா இவ. இப்போ மூஞ்சியவே பாக்க மாட்டேங்கறா. எங்கியோ பாத்துக்கினு கீறா."

"கண்ணு பட்டுக்கீது" என்றேன்.

"யார் கண்ணு?"

தண்ணீர் எடுக்கப் போகிற மாதிரி எழுந்துவிட்டேன். மறுநாள் தூளி மேல் இன்னொரு துண்டையும் போட்டேன்.

அங்கன்வாடியில் எடை போடுகிற நாள் வந்தது. உத்திரத்தில் தராசைத் தொங்கவிட்டு, துணி ஜட்டி மாதிரி ஒன்றில் பிள்ளையை உட்காரவைத்து அதில் மாட்டுவார்கள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் ஊரே கூடுகிற மாதிரி கத்தின. என் மகள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தாள். எடை சரியாக இருந்தது. நான் நிம்மதியாகத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். கிராமத்து நர்சம்மா கூப்பிட்டு நிறுத்தினார். அவர் எங்கள் ஊருக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. சத்தமாகப் பேசுவார், சத்தமாகவே தும்முவார்.

மகள் முகத்துக்கு நேராகக் குனிந்து, "ங்கா சொல்லு, ங்கா" என்றார். மகள் அவர் தோளுக்கு மேலே பார்த்தாள்.

"சிரிக்குமாப்பா?"

"சிரிச்சிது சிஸ்டர்."

"சிரிச்சிது இல்ல. இப்போ சிரிக்குதா?"

நான் மகள் சட்டையை இழுத்துச் சரிசெய்தேன்.

"பேர் சொல்லிக் கூப்ட்டா திரும்புதா?"

"கூப்பிடறதில்ல சிஸ்டர்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். உட்கார் என்று பாயைக் காட்டினார். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. காய்ச்சல், கண், துண்டு, காது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஊசி போட்டா அன்னிக்குக் காய்ச்சல் வரும்னு மாத்திரை குடுத்தேனே. அந்தக் காய்ச்சல்தானே இது?"

"ஆமா சிஸ்டர். ஆனா..."

"ஆனா இன்னா?"

"கொஞ்சம் ஜாஸ்தியா காஞ்சிது."

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு மகளை என் மடியில் என் முகத்தைப் பார்க்கும்படி திருப்பி உட்காரவைத்துவிட்டுச் சொன்னார்.

"இத்தினூண்டு பிள்ளைக்கும் மனசு கீதுப்பா. வயித்துக்குப் பால் குடுக்கற. மனசுக்கு உன் மூஞ்சிதான் பால். அது உன்னப் பாத்துச் சிரிக்கும், நீ பதிலுக்குச் சிரிக்கறியான்னு பாக்கும். ஒரு தடவ பாக்கும், பத்து தடவ பாக்கும். பதிலே வரலன்னா, சரி இங்க யாரும் இல்லன்னு விட்டுடும். அழறதகூட விட்டுடும். நீ அத சமத்துன்னு சொல்லிக்கினு கீற."

நான் மகளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அடுத்த மாசம் எடை போடற வரைக்கும் பாக்கறேன். மூஞ்சியப் பாத்துப் பேசு. அப்பவும் இப்பிடியே இருந்தா காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துடுவேன். காது, கண்ணு, மூளை எல்லாம் பாக்கணும்."

மூளை என்கிற சொல் என் காதில் விழுந்ததற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் விழவில்லை. பார்த்தால் கண் படும், பார்க்காவிட்டால் காஞ்சிபுரம். இரண்டுக்கும் நடுவில் நான் அங்கன்வாடி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றேன். செருப்பு காலில்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகளை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். அழப்போகிறாளோ என்று பயந்தேன்.

"நீ நல்லாப் பாருயா. பாத்துட்டு சாயங்காலம் சுத்திப் போட்டுடலாம். அன்னிக்குப் பட்டது அன்னிக்கே போயிடும்" என்றாள்.

"அன்னிக்கே போவும்னு இன்னா நிச்சயம்?"

"அப்போ மத்தியானம் ஒரு வாட்டி சேத்துப் போடு. மொளகாவுக்காடா பஞ்சம்" என்றாள். டா போட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மறுநாள் துண்டை எடுத்தேன். தூளிக்கு எதிரில் உட்கார்ந்தேன். மகள் முகத்தைப் பார்த்தேன்.  இத்தனை சின்னப் பிள்ளையிடம் என்ன பேசுவது? "சாப்ட்டியா" என்று கேட்டேன். ஊட்டியவன் நான்தான். அவள் தூளிக் கயிற்றைப் பார்த்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பழையபடி முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் பால்காரர் வண்டியோடு வந்தார். சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். எனக்கு மச்சான் முறை. கருவேல முள்ளு அவர் டயருக்கென்றே முளைக்கும். வண்டியை எனக்கு முன்னால் நிறுத்தி, கேன்களை இறக்கினார். நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, எதேச்சையாக நிமிர்ந்தேன். வண்டியின் பக்கக் கண்ணாடியில் தூளி தெரிந்தது. தூளிக்குள் மகள் முகம். இரண்டு கண்ணும் அசையாமல் என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தன.

நான் கையை நகர்த்தினேன். அவள் கண்ணும் நகர்ந்தது. நான் நிறுத்தினேன். அவளும் நிறுத்தினாள். எனக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை. நான் அவளைப் பார்க்காமல் இருந்த நாளெல்லாம் அவள் துண்டு இடுக்கு வழியாக என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். சிரிப்பைத்தான் விட்டிருந்தாள். என்னை விடவில்லை.

"இன்னா மச்சான், கண்ணாடில அழகு பாக்கறியா? தல சீவிக்கினு வந்து பாரு" என்றார் பால்காரர்.

"இந்தக் கண்ணாடி மாதிரி பழசு இருந்தா வேணும் மச்சான்."

"எதுக்கு?"

"சும்மா."

காரணம் சொன்னால் சிரிப்பார். என் மனதில் ஓடிய கணக்கு இதுதான்: கண் நேராகப் பட்டால்தானே பிள்ளைக்கு ஆகாது? கண்ணாடியில் பார்த்தால் அது கண்ணாடியில்தான் படும். பட்டுத் திரும்பினாலும் என்மேல்தான் விழும். விழட்டும்.

அவர் மறுநாளே ஒரு கண்ணாடி கொண்டுவந்தார். ஓரம் கொஞ்சம் தெறித்திருந்தது. தெறித்த இடத்தில் டியூப் ரப்பர் ஒட்டி, எனக்கு முன்னால் இருக்கிற கம்பத்தில் கட்டினேன். நான் உட்கார்ந்து நிமிர்ந்தால் அவள் முகம். அவள் பார்த்தால் என் முகம். முதுகைக் காட்டியபடியே முகம் பார்க்க வசதி.

கண்ணாடிக்குள் என்றால் எனக்குப் பேச்சு வந்தது. கையில் இருக்கிற வேலையையே சொன்னேன். "இதான்டி டியூப். இதுல எங்கியோ ஓட்ட கீது. நைனா கண்டுபுடிக்கப் போறேன் பாரு." டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குபுகுபுவென்று கொப்புளம் வரும். "தோ பாரு, மாட்டிக்கிச்சு" என்பேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் "கரகர கரகர" என்பேன். முதல் சில நாள் அவள் சும்மா பார்த்தாள். பிறகு நான் பேச்சை நிறுத்தினால் கால் உதைத்தாள். அப்புறம் ஒரு நாள், லாரி டியூப் ஒன்றில் காற்றைத் திறந்துவிட்டேன். அது புஸ்ஸென்று அடங்கியது. நானும் கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு அதோடு கூடவே புஸ்ஸென்று அடங்கினேன்.

கண்ணாடிக்குள் மகள் சிரித்தாள். சத்தம் போட்டு, விக்கல் மாதிரி விட்டுவிட்டுச் சிரித்தாள்.

காற்று முழுக்கப் போன டியூபுக்கு மறுபடி காற்றை ஏற்றி மறுபடி திறந்துவிட்டேன். மறுபடி சிரித்தாள். லாரிக்காரர் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார். "இன்னாபா, ஏத்தற, எறக்கற. டியூப் நல்லா கீதா இல்லியா?" என்றார்.

"செக் பண்றேண்ணா" என்றேன்.

அதற்குப் பிறகு கடை கடையாக இல்லை. பால்காரர் காற்று குறையாத வண்டிக்கும் காற்றுப் பிடிக்க வந்தார். "மச்சான், மருமக முன்னாடி ஒரு வாட்டி அந்தப் புஸ்ஸு போடேன், காலைல இருந்து மூடே சரியில்ல" என்பார். என் மூஞ்சி உப்பி அடங்குவதைப் பார்த்து மகள் சிரிப்பாள், மகளைப் பார்த்து அவர் சிரிப்பார். சாயங்காலம் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சுற்றிப் போடுவேன். மிளகாய் வெடிக்கிற கமறல் எதிர்ப்பக்க டீக்கடை வரைக்கும் போய் அங்கே இருமுவார்கள்.

ஒரு நாள் ஆடு ஓட்டிக்கொண்டு போகிற அக்கா ஒருத்தி நிழலுக்கு ஒதுங்கினாள். கண்ணாடியைப் பார்த்தாள், தூளியைப் பார்த்தாள்.

"அட இன்னாடா தம்பி இது. பல்லு மொளைக்காத பிள்ளைக்குக் கண்ணாடி காட்டிக்கினு கீற. வயித்தால போவும்டா. பேச்சும் திக்கும்."

"யாருக்கா சொன்னது?"

"யார் சொல்லணும்? எல்லாருக்கும் தெரியும். உனுக்குதான் தெரியல."

அவள் ஆடுகளோடு போய்விட்டாள். எனக்குப் பேஜாராகிவிட்டது. அன்று பூராவும் அரைமணிக்கு ஒரு தரம் இடுப்புத் துணியைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இருந்தாலும் மறுநாள் காலையில் கண்ணாடியைக் கழற்றி டயர்களுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். எடை போடுகிற நாளுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. வயிற்றால் போய் எடை குறைந்தால் அதற்கும் சேர்த்து நர்சம்மா எழுதிக் கொடுத்துவிடுவாரே.

தூளிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஒரு டியூபைத் தேய்க்க ஆரம்பித்தேன். வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் பின்னால் சத்தமே இல்லை. அப்புறம், "ஏ" என்று ஒரு குரல்.

ரோட்டில் யாரோ என்று நினைத்தேன். மறுபடி "ஏஏ" என்று வந்தது. அதட்டல்தான் அது. கல்லாவில் இருக்கிற முதலாளி வேலையாளைக் கூப்பிடுகிற மாதிரி.

திரும்பினேன். மகள் தூளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, புடவைக்கு வெளியே பாதி முகத்தை நீட்டி என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். நடுவில் கண்ணாடி இல்லை. காதைப் பார்க்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அவள் விடவில்லை. நான் கண்ணை எந்தப் பக்கம் கொண்டுபோனாலும் அந்தப் பக்கம் வந்தாள்.

"இன்னாடி" என்றேன்.

"ஆங்" என்றாள்.

"நைனா வேல செய்யறேன் இல்ல?"

"ங்கா."

"ஓட்டைய இன்னும் அடைக்கலடி."

அவள் அதற்கு நீளமாக ஒரு பதில் சொன்னாள். நான் கையில் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் காய்ந்தது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த முறை மனதுக்குள் எதுவும் நினைக்கக் கூடாது என்று இருந்தேன். முடியவில்லை. அழகாக இருந்தாள்.

எடை போடுகிற நாள் அன்று என் வயிறுதான் சரியில்லை. போகிற வழியெல்லாம் "சிரிச்சிடு தாயே, ஒரே ஒரு வாட்டி" என்று சொல்லிக்கொண்டே போனேன். அங்கன்வாடியில் நர்சம்மா மகளை வாங்கித் துணியில் உட்காரவைத்துத் தராசில் மாட்டினார். தொங்கவிட்டதும் மகள் வீரிட்டாள். முகம் சிவந்து, மூக்கு ஒழுகி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்தினாள்.  சிரிக்கச் சொல்லிக் கூட்டிவந்தால் ஊரைக் கூட்டுகிறாள். காஞ்சிபுரத்துக்கு எந்தப் பஸ்ஸில் போவது என்று நின்றபடியே யோசித்தேன்.

"நல்லா அழறா சிஸ்டர். வழக்கமா இப்பிடி இல்ல" என்றேன்.

"அழட்டும்பா. நீ அங்கியே நில்லு. யாரத் தேடுதுன்னு பாப்போம்."

தராசு மெல்லச் சுற்றியது. மகள் கத்திக்கொண்டே அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். டீச்சர் முகத்தைத் தாண்டினாள். இரண்டு அம்மாக்களைத் தாண்டினாள். சுற்றி வந்து என் முகத்தில் நின்றாள். நின்றதும், "ஏஏ" என்றாள், உதடு துடிக்க. நான் நர்சம்மா சொன்னதை மறந்து கிட்டே போய்விட்டேன்.

"இங்கதான்டி கீறேன். எங்கியும் போல" என்றேன்.

அழுகை நின்றது. கன்னத்தில் கண்ணீர் அப்படியே இருக்க, என்னைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தாள். தொங்கிக்கொண்டே, மூச்சு வாங்கி மூச்சு வாங்கித் திட்டினாள். டீச்சர் சிரித்துவிட்டார். நர்சம்மா தராசு முள்ளைப் பார்த்தபடியே சொன்னார்.

"போன மாசம் இதே எடத்துல தொங்கிக்கினு ஃபேனைப் பாத்துது. இப்போ கேள்வி கேக்குது. அப்பன வேற கண்டுபுடிச்சி வெச்சிருக்குது."

"அப்போ காஞ்சிபுரம், சிஸ்டர்?"

"கோயிலுக்குப் போ, வேணும்னா."

"கொஞ்சம் ஜாஸ்தியா அழுவுதோ?"

"தூக்கிக்கினு போப்பா, அடுத்த பிள்ளைய மாட்டணும்."

வெளியே வந்து மனைவிக்குப் போன் போட்டேன். டீ பிரேக் நேரம். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் எழுதல."

"அப்போ ஏன்யா உன் கொரலு இப்பிடி கீது?"

"உன் பொண்ணு வாய்க்கு வந்தபடி திட்டிக்கினு கீறா. கேளு" என்று ஸ்பீக்கரைப் போட்டு, போனை மகள் வாயருகில் வைத்தேன். அவள் உடனே வாயை மூடிக்கொண்டாள்.

"பேச மாட்டேங்கறா பாரு" என்றேன்.

"நீ நகருயா. நான் பேசறேன்." மனைவி அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மகள் போனைப் பார்த்தாள். தலையைச் சாய்த்து அதன் பின்பக்கம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், இது யார் தெரியுமா என்று கேட்பதுபோல. மனைவி இன்னொரு முறை கூப்பிட்டாள். மகள் வாய் முழுக்கச் சிரித்தாள், சத்தத்தோடு.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, கூட இருந்த பெண்கள் "யாரு, யாரு" என்று விசாரிப்பது கேட்டது. பிரேக் முடிகிற மணி அங்கே அடித்தது. அவள் போனை வைக்கவில்லை.